படத்தில் முழந்தாளிட்ட முதலாளி

கடற்கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவள் பிரகாசி. ஐந்நூறு வருடப் பழைய இத்தாலிய மாதா படமொன்றைப் பார்த்து, ஊர்க் கோயிலுக்காகப் பெரிதாக வரைந்துகொண்டிருந்தாள்.

லாஞ்சுப் படகுகளின் முதலாளி மச்சாடோ வந்தார். முழங்கால் வலி என்று சொல்லி, இருபது வருடமாகப் பூசையில் மற்றவர்கள் முழந்தாளிடும்போதும் பீடத்தருகே நாற்காலி போட்டு உட்காருகிறவர்.

“படம் அசல் மாதிரியே இருக்கணும். என் முகமும் அதுல இருக்கணும். இல்லேன்னா இந்தக் கரையில நீ இனி பிரஷ் பிடிக்க முடியாது.”

“வச்சிரலாம் முதலாளி. அந்தக் காலத்துல படம் செய்யச் சொன்ன பெரிய மனுசர், அசல்லயே ஓரமா முழந்தாளிட்டுக் கும்பிடுறார். அவர் இடத்துல நீங்க. ஆனா அதே மாதிரி நேர்ல முழந்தாளிட்டாத்தான் வரைய வரும்.”

மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம், மச்சாடோ கோயில் தரையில் அசையாமல் முழந்தாளிட்டார். ஜெபமாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிறன்று பூசை தொடங்குமுன் படத்தைத் திறந்தார்கள். முகம் அச்சாக அவரேதான். பூரித்துப்போய்த் திரும்பினால், அவர் நாற்காலியில் நிறைமாதக்காரி ரோசாரி உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு முழங்கால்...” என்று ஆரம்பித்தார். ஊரே படத்தைப் பார்த்தது.

பிரகாசி மெதுவாகச் சொன்னாள். “அசலுக்கும் படத்துக்கும் வித்தியாசம் வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி. இப்ப அசல் நீங்கதான்.”

மச்சாடோ முழந்தாளிட்டார்.