ஆள் இல்லாத வீடுகள்

வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒன்பதே நாள். வேட்பாளர் தணிகாசலத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், இதே தொகுதியில் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியவர். இந்த முறையும் கோட்டை விட்டால் தொகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. முப்பது வருஷம் கொடி பிடித்தவர், பாவம், அதற்குப் பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பார்?

நேராக அமலநாதனின் அச்சகத்துக்குப் போனார். அமலநாதன் அவரைவிடப் பத்து வயசு இளையவர். ஆனாலும் கட்சியின் பயிற்சி வகுப்பில் தணிகாசலத்துக்கு மேடைப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் ஆசான், இவர் சீடர். வயசையெல்லாம் யார் பார்த்தார்கள்!

மை படிந்த கையோடு அமலநாதன் நிமிர்ந்தார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"பயமா இருக்கு ஆசானே. போன ரெண்டு தடவையும் ஆம்பளைங்க பூத்துல நாமதான் முந்தினோம். பொம்பளைங்க பூத்தை எண்ண ஆரம்பிச்சதும் மொத்தமும் போச்சு. பள்ளிவாசல் தெருவைக் கேக்கவே வேணாம், நூறு ஓட்டுகூடத் தேறல. நான் அவங்களுக்கு என்ன குறை வெச்சேன்? கோலப் போட்டி நடத்தினேன். வருஷா வருஷம் குல்லா போட்டுக்கிட்டு நோன்புக் கஞ்சி குடிச்சேன். இன்னும் என்னதான் செய்யணும், சொல்லுங்க?"

"வீடு வீடாப் போனீங்களா?"

"போகாமலா? வெளியூர்லேருந்து அறுபது பேரை இறக்கியிருக்கேன். ஒரு தெரு பாக்கியில்ல. இதோ நோட்டு."

அமலநாதன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார். தெருப் பெயர், கதவு எண், அங்கே போனபோது என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"ஆள் இல்லை. ஆள் இல்லை. ஆதரவு. ஆள் இல்லை. ஆள் இல்லை." வாசிப்பதை நிறுத்தினார். "ஏண்ணே, பாதி ஊர் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?"

"பகல்ல போனா அப்படித்தான். வேலைவெட்டிக்குப் போயிருப்பாங்க."

"வீடு பூட்டியிருந்துச்சா?"

"பூட்டியிருந்தா 'பூட்டு'ன்னு எழுதச் சொல்லியிருக்கேன். பாருங்க, அங்கங்க இருக்கும்."

"அப்ப பூட்டாத வீட்டுல ஆள் இல்லைன்னு யார் சொன்னது?"

"கதவைத் திறந்தவங்கதான். 'வீட்டுல யாரும் இல்லையாம்மா?'ன்னு கேப்போம். 'இல்லைங்க, வெளிய போயிருக்காங்க'ன்னு அந்தம்மா..."

தணிகாசலம் நோட்டை எட்டிப் பார்த்தார். அச்சகத்துக்குள் வரும்போது இருந்த பயம் ஒன்று, இப்போது பிடித்துக்கொண்ட பயம் வேறொன்று. அவரே எத்தனை வாசலில் அப்படிக் கேட்டிருக்கிறார்! கேட்டுவிட்டு, ஒரு நோட்டீஸை நீட்டி, "அவர் வந்தா சொல்லும்மா" என்று நடையைக் கட்டியிருக்கிறார்.

அமலநாதன் பக்கத்தைத் திருப்பினார்.

"பள்ளிவாசல் தெரு. முந்நூத்திப் பத்து வீடு. ஒரே ஒரு வரிதான் இருக்கு. 'ஜமாத் தலைவரைப் பார்த்தாச்சு.'"

"அவர் நல்லாத்தான் பேசினார் ஆசானே. சால்வை போட்டோம். டீ கொடுத்தார்."

"மத்த வீடு?"

"அவர் சொன்னா கேப்பாங்கன்னு விட்டுட்டோம்."

"உங்க தெருவுல யார் சொன்னா நீங்க கேப்பீங்க?"

எவன் சொல்லி நான் கேட்பேன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. தணிகாசலம் அப்படியே விழுங்கிக்கொண்டார். ஒன்பது நாள், ஒன்பதே நாள் என்று மனசு அடித்துக்கொண்டது.

"போதும், புரிஞ்சுபோச்சு" என்று அவசர அவசரமாக செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினார். "இன்னிக்கே மகளிர் அணியை முழுசா இறக்கிடறேன். பொம்பளைங்ககிட்ட அவங்க பேசட்டும். பள்ளிவாசல் தெருவுக்கு நம்ம சிறுபான்மைப் பிரிவு ஜபருல்லா இருக்கார், அவர் வீடு வீடா ஏறி இறங்கட்டும். ஒன்பது நாள்ல முடிச்சிடலாம்ல ஆசானே? முடியும்ல?"

"நீங்க?"

"நான் வழக்கம்போல வேன்ல நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கிட்டு வர்றேன்."

அமலநாதன் இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"தச்சர் தெரு, கதவு எண் பதினாலு. நேத்து காலையில பதினோரு மணி. ஆள் இல்லை."

செல்போன் மறுமுனையில் யாரோ "சொல்லுங்க தலைவரே, சொல்லுங்க தலைவரே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் அதை அணைத்தார்.

"அது நம்ம வீடு, ஆசானே."

நேற்று காலை ஆறு மணிக்கே அவர் வேனில் ஏறிவிட்டார். மனைவி வடிவாம்பாள் முட்டிவலியால் வாசல்படி தாண்டுவதில்லை. வெளியூர்ப் பையன்களுக்கு அது யார் வீடு என்று தெரிய நியாயமில்லை. அவர்கள் கேட்டிருப்பார்கள், அவளும் இல்லையென்று சொல்லியிருப்பாள். ராத்திரி சோறு போடும்போது அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. போன இரண்டு தடவையும் அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள்? முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது.

அமலநாதன் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"பொம்பளைங்களுக்கு மகளிர் அணி. பள்ளிவாசல் தெருவுக்கு ஜபருல்லா. சரி. இந்த வீட்டுக்கு யாரை அனுப்பப்போறீங்க, அண்ணே?"