நரிக் கம்பெனியின் உப்பு

ஒரு மலைக்காட்டின் நடுவே உப்பு மேடு ஒன்று இருந்தது. மான், முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி எல்லாம் அங்கே வந்து மண்ணை நக்கிவிட்டுப் போகும். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. மண் எல்லாருக்கும் பொது.

ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நரிகள் வந்தன. ஏழெட்டு இருக்கும், அவ்வளவுதான்.

"நாங்கள் வியாபாரக் கம்பெனி. பேரீச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறோம். சரக்கு வைக்க ஒரு வளை தோண்டிக்கொள்கிறோம்" என்று பவ்யமாகக் கேட்டது தலைமை நரி. அதன் பெயர் துரை. வந்த விருந்தாளி ஆயிற்றே என்று உப்பு மேட்டு ஓரத்திலேயே இடம் கொடுத்தார்கள், விவரம் கெட்டவர்கள்!

வளைக்குக் காவல் வேண்டும் என்றது துரை. காட்டுப்பன்றிகள் காவலுக்குச் சேர்ந்தன. சம்பளம் என்ன தெரியுமா? தினம் ஒரு வாய் உப்பு மண். நேற்றுவரை சும்மா நக்கியதைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு, கும்பிடு வேறு போட்டன. அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

பன்றிகள் பக்கத்தில் நின்ற தைரியத்தில் நரிகள் மேட்டையே வளைத்துப் போட்டன. இனி உப்பு வேண்டுமென்றால் கம்பெனிக்குப் பழம் கட்ட வேண்டும். வசூலுக்கு ஒரு குரங்கு. அது தனக்கென்று தனியாக ஒரு தேனடை கேட்கும். துரை கண்டுகொள்ளாது. அந்தத் தேனில் பாதி அதன் வாய்க்குத்தானே போயிற்று.

செவ்வந்தி என்ற புள்ளிமான் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். உப்பில்லாமல் பால் வற்றிவிட்டது. குட்டி எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. கட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. வெறும் வாயோடு மேட்டுக்கு வந்தாள். கருவாயன் என்ற பன்றி காவலுக்கு நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு வாய் நக்கிக்கிறேன். பால் இல்லாம குட்டி செத்துப் போயிடும்."

"நான் என்ன பண்ணுவேன் தங்கச்சி? கம்பெனி உப்பைத் தின்னுட்டேன். அதுக்குத் துரோகம் பண்ணலாமா?"

செவ்வந்திக்கு வந்ததே கோபம். "கம்பெனி உப்பா? ஆத்தைத் தாண்டி வந்தப்போ நரி இந்த மேட்டை முதுகுல தூக்கிட்டா வந்துச்சு? நீ பிறந்தப்போ உங்க அம்மா இங்கே நக்கித்தான் உனக்குப் பால் கொடுத்தா. பிள்ளை பெத்தவ முதல்ல நக்கட்டும்னு எங்க ஆளுங்க அத்தனை பேரும் ஒதுங்கி நின்னாங்க. அந்த உப்பு மட்டும் மறந்து போச்சா?"

கருவாயனுக்குச் சுருக்கென்றது. வளைக்குள்ளிருந்து துரை கத்தியது. "அங்கே என்ன பேச்சு? அவளைக் குத்தித் துரத்து!"

கருவாயன் நகர்ந்து வழிவிட்டான். "நக்கும்மா" என்றான்.

மற்றப் பன்றிகள் அவனைப் பார்த்தன. பிறகு அவையும் விலகி அவன் பக்கம் போய் நின்றன. துரை வெளியே வந்து பார்த்தால், அத்தனை கோரைப்பற்களும் தன்னை நோக்கித் திரும்பியிருக்கின்றன. அது ஓட்டமாக ஓடி ஆற்றில் இறங்கியது. மற்ற நரிகளும் பின்னாலேயே ஓடின. குரங்கு எந்த மரத்தில் ஒளிந்ததோ, அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

சில நாளில் குட்டி மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது. செவ்வந்தி கருவாயனைத் தேடி வந்தாள். "என் பிள்ளை உன்னாலதான் பிழைச்சான். சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன் அண்ணே" என்று அழுதாள்.

"எனக்கு எதுக்கு நன்றி? வழியை மறிச்சு நின்னவனும் நான்தானே. என்னை நம்பிக் கேட்டியே, நான்தான் உனக்குச் சொல்லணும்" என்றான் கருவாயன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

நம்முடையதைப் பறித்து நமக்கே கூலியாகக் கொடுப்பவனுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள் அல்ல. அந்தக் கடன் நம்மை வளர்த்த மண்ணுக்கும் நமக்காக ஒதுங்கி நின்ற உறவுகளுக்கும்தான்.