கல்மூக்குத்தியும் ஒரு வருஷ மௌனமும்

குறத்திப்பாறை மடத்துக்கு வருமுன் அம்பலவாணம் பஸ் கண்டக்டராக இருந்தவர். காலமெல்லாம் கத்திப் பழகிய வாய். மடத்துக்கு வந்தும் அது மூடவில்லை. பூசை நேரத்தில்கூட ஊர்வம்புதான்.

குரு பொன்னம்பல சாமி அவரைவிட வயதில் இளையவர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"ஒரு வருஷம் வாயை மூடும்வே. நான் காசிக்குப் போயிட்டு வந்து திறந்துவிடுதேன்."

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். விரதம் முடியும் நாளில் குரு நாக்கில் தேன் தொட்டு வைப்பார். முதல் வார்த்தையைக் குருவிடம்தான் பேசவேண்டும்.

அம்பலவாணம் அத்தோடு விடுவாரா? சைகையும் பேச்சுதானே என்று தலையசைப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வாய் ஓய்ந்தபிறகு கண் வேலை செய்தது. பாறைக்கு அந்தப் பக்கம், யாரும் இறங்காத ஒரு பிளவில் கல்மூக்குத்தி பூத்திருந்தது. கடுகளவு நீலப் பூ. விடிந்ததும் போய் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவருக்கு அவ்வளவு பிரியம் இருந்ததில்லை.

அந்தச் செடியைத் தேடித்தான் ஹெப்சிபா வந்தாள். செடிகொடிகளை ஆராய்கிறவள். மலை முழுக்க அலைந்து களைத்து, மடத்துக்கு வந்து படத்தை நீட்டினாள்.

"ஐயா, இந்தப் பூவைப் பார்த்திருக்கீங்களா? உலகத்துலயே இந்த ஒரு மலையிலதான் இருந்துச்சு. இங்கயும் இல்லேன்னா, அற்றுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் குவாரிக்காரங்களைத் தடுக்க என்கிட்ட ஒரு காரணமும் இருக்காது."

அம்பலவாணம் அசையவில்லை.

"விரதமா? பேசவேண்டாம். இருக்குன்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது, பக்கத்து ஊரில் தான் தங்கியிருக்கும் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு அவள் போயிருந்தாள். ஐயோ என்று ஒரு பக்கம் இருந்தாலும், விரதம் தப்பவில்லையே என்று ஒரு பெருமை.

மழை ஓய்ந்ததும் மலையடியில் லாரிகள் வந்து நின்றன. அப்புறம் பாறையில் துளைபோடும் இயந்திரம். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, குரு வந்ததும் முதல் வார்த்தையே இதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாமி வந்தார். தேனைத் தொட்டு வைத்தார். அம்பலவாணம் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"காப்பாத்திட்டேன் சாமி!"

"எதைவே?"

"மௌனத்தை. ஒரு தலையசைப்புகூட இல்ல."

"அது இருக்கட்டும். அங்க என்ன சத்தம்?"

அப்புறம்தான் எல்லாம் வந்தது. பூ, பிளவு, அந்தப் பெண் கேட்டது, இவர் கண்ணை மூடியது. கேட்கக் கேட்கச் சாமியின் முகம் செத்துப்போயிற்று.

"ஓடும்வே! அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லும். நான் பாறைக்குப் போறேன்."

அறுபது தாண்டிய உடம்போடு அம்பலவாணம் ஓடினார். விஷயத்தைக் கேட்ட ஹெப்சிபா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விரட்டினாள். மலையடியில் சிவப்புக்கொடி கட்டியிருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் பாறையில் வைத்த வெடி வெடித்தது.

புழுதி அடங்கியபின் ஏறிப் போனார்கள். பிளவும் இல்லை, அதைச் சுற்றியிருந்த பாறையும் இல்லை. குறுக்கே போய் நின்ற சாமியை நாலு பேர் தூக்கிவந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். வேட்டி கிழிந்திருந்தது. ஹெப்சிபா கல் குவியலை வெறுங்கையால் புரட்டினாள். ஒரு இலைகூட அகப்படவில்லை.

அம்பலவாணம் சாமியின் காலடியில் விழுந்து அழுதார்.

"பாவி நான் சாமி, பாவி! இனிமே இந்த ஜென்மத்துல மௌனம் இருக்கமாட்டேன்."

சாமி அவரைத் தூக்கி உட்கார வைத்தார். முகத்தில் படிந்திருந்த கல்தூசியைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"இப்ப இரும்வே," என்றார். "இனிமே சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."