பத்தொன்பது எழுத்து

பரஞ்சோதி ‘சி’ என்ற கணினி மொழி கற்க வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கற்றுக்கொடுத்த நிலோஃபருக்கு முப்பது. மருத்துவமனையின் கணினி அறையில் அவர்கள் இருவர்தான். அவளோ அளந்து பேசுகிறவள். நாளெல்லாம் ஏசியின் இரைச்சல்தான் அவருக்குப் பேச்சுத்துணை. வீட்டில் அதுவும் இல்லை.

அன்று மாலை அவரே வாய் திறந்தார்.

“மேடம், நோயாளிகளைக் கூப்பிடுற புரோகிராம்ல பேரை நகல் எடுக்கிற வரியை மாத்திட்டேன். முன்னாடி பேர் நீளமா இருந்தா பக்கத்து இடத்துல வழிஞ்சு புரோகிராமே படுத்துடும். இப்ப இருபது இடம்னா பத்தொன்பது எழுத்து, முடிவைக் காட்ட ஒரு பூஜ்ஜியம். காலையிலேர்ந்து ஒரு தடவைகூடப் படுக்கல. இனி பயமில்லைதானே?”

ஒரு ‘சபாஷ்’ வரும் என்று காத்திருந்தார், பாவம்.

“கீழே வாங்க சார்,” என்றாள் நிலோஃபர்.

காத்திருப்புக் கூடம் காலியாகிவிட்டிருந்தது. ஒரே ஒரு பெண் மட்டும் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, அழைப்புப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க பக்கத்துல உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“யாரைப் பாக்கணும்மா?”

“கட்டியில சதை எடுத்தாங்க. புத்துநோயா இல்லையான்னு இன்னைக்குச் சொல்றேன்னாங்க. எட்டு மணிக்கே வந்துட்டேன். இன்னும் பேர் வரல.”

“டாக்டர் கிளம்பிட்டாரே. இனி திங்கக்கிழமைதான். நீங்க போய்க் கேக்கலியா?”

“கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேங்க.”

“கூட யாரும் வரலியா?”

“யாரு இருக்கா.”

அவர் அவள் மடியிலிருந்த ஃபைலில் பெயரைப் பார்த்தார். திரிபுரசுந்தரி காத்தவராயன். ஆங்கில எழுத்துகளை, நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து, விரல்விட்டு எண்ணினார். ‘திரிபுரசுந்தரி கா’ என்பதோடு பத்தொன்பது முடிந்துவிட்டது.

நிலோஃபர் அன்றைய பட்டியலை நீட்டினாள். காலையில் முதல் ஆளாக டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனவள் திரிபுரசுந்தரி காளியப்பன். அவளுக்கும் அதே பத்தொன்பது எழுத்து. ஒருத்தியே இரண்டு முறை பதிவு செய்திருக்கிறாள் என்று எண்ணி, புரோகிராம் இவளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

பரஞ்சோதி எழுந்து நிலோஃபரிடம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“இடம் அவ்வளவுதான் மேடம் இருந்தது. கொண்டதை எடுத்தேன், மீதியை விட்டேன். அது தப்பா?”

“தப்பில்ல சார். விட்டதை யார்கிட்டச் சொன்னீங்க?”