கரியமிலவாயுவைச் சோறாக்கிய சேறாயி

மரமும் மீனும் பிறக்காத அந்தக் காலத்தில் உலகத்தை ஆண்டது நாங்கள்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாய் ஓயாமல் பேசினோம். எங்களைக் கிருமி என்று சொல்லி முகம் சுளிக்கிறீர்களே, இதைக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

எங்கள் குலமுதல்வி சேறாயி, குளத்தின் அடிச்சேற்றில் இருந்தாள். மேலே வெயிலில் பாசியப்பன் கூட்டம். வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்வார்கள். சிந்தியது கீழே விழும், நாங்கள் தின்போம். ஒரு நாள் பாசியப்பனுக்குக் கர்வம் தலைக்கேறி, சிந்துவதையும் நிறுத்திவிட்டான்.

"சேறாயி, சோறு வேண்டுமா? மேலே வந்து எனக்கு ஊழியம் செய்."

"நீ விடும் ஆக்சிஜன் எங்களைப் பொசுக்கிவிடும். தெரிந்துதானே கூப்பிடுகிறாய்?"

"அப்படியானால் அங்கேயே கிடந்து சாவு!" என்றான் பாவி.

சேறாயியிடமிருந்து பிளந்த மகள் துளிச்சி பசியில் சுருண்டு போனாள். ஆமாம், நாங்கள் பெறுவதில்லை, பிளக்கிறோம். "அம்மா, மேலே போய்விடலாம். வெந்தாலும் வயிறு நிறைந்து சாகிறேனே" என்றாள்.

அங்கே மிச்சம் இருந்தவை, பாறை இடுக்கில் கசிந்த ஹைட்ரஜனும் யாருக்கும் வேண்டாத கரியமிலவாயுவும்தான். கரியமிலவாயுத் துகள்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பது எங்கள் வழக்கம். எத்தனை பிடித்தும் சோறாகவில்லை, கைதான் சலித்தது. கோபத்தில் சேறாயி அந்த வழக்கத்தை உடைத்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு துகள்களைப் பிடித்தாள். இடக்கையில் இருந்ததன் ஆக்சிஜனை முழுக்க உருவி, ஹைட்ரஜனை ஏற்றினாள். வலக்கையில் இருந்ததில் ஓர் ஆக்சிஜனை மட்டும் பிடுங்கினாள்; பிடுங்கியதெல்லாம் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிட்டது. இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அடேயப்பா, வினிகரைப் போலப் புளிக்கப் புளிக்க அசிட்டேட் பிறந்தது! கூடவே அவள் உடம்பில் தெம்பு ஊறியது.

"எழுந்திரடி துளிச்சி, இப்படிக் கட்டு!"

துளிச்சி கட்டினாள். சுருண்டவள் நிமிர்ந்தாள். மாலைக்குள் இரண்டாகப் பிளந்தும் விட்டாள். அவர்கள் வெளியே விட்ட அசிட்டேட்டை அக்கம்பக்கத்தார் தின்று கொழுத்தார்கள்.

பாசியப்பன் எட்டிப் பார்த்தான். "இன்னுமா சாகவில்லை? யார் சோறு போட்டது?"

"உன் வெயிலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். என் மகள் தன் சோற்றைத் தானே கட்டிக்கொள்கிறாள், போடா!" என்றாள் சேறாயி.

அன்று தொடங்கியதுதான்: சேறானாலும், கறையான் வயிறானாலும், உங்கள் குடலேயானாலும், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் கரியமிலவாயுவை இரண்டிரண்டாகப் பிடித்து அசிட்டேட் ஆக்கிப் பிழைக்கிறோம், இன்றுவரை யார் வாசலிலும் போய் நின்றதில்லை.