ஐந்தாம் வளைவில் ஜெயித்தவர்கள்

முன்பு, உப்பளங்களுக்கு நடுவே ஒரு பந்தயச் சாலை இருந்தது. நேராகப் போகப் பிடிக்காத சாலை. வலமும் இடமுமாக நெளிந்து, ஐந்தாம் வளைவில் சட்டென்று திரும்பி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதில் சின்னக் கார்கள் ஓடின. பார்க்க ஆள் வரவில்லை. லோடு வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தார்கள். கூட்டம் வந்தது.

லோடு வண்டிகளுக்கு வேகம் தெரியும், வளைவு தெரியாது. முதல் வருடம் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் ஐந்தாம் வளைவில் பின்பக்கம் வழுக்கி மணலில் இறங்கின. ஒரு தர்பூசணி வண்டி ஜெயித்தது. மைதானத்து ஒலிபெருக்கி காரணம் கேட்டது.

"என் ஹார்ன்தான்" என்றது தர்பூசணி வண்டி.

மறு வருடம் எல்லா வண்டிகளும் அதே ஹார்னோடு வந்து, அதே ஹார்னை அடித்தபடி மணலில் இறங்கின. பந்தல் சாமான் வண்டி ஜெயித்தது. காரணம், அதன் நீல நிறம் என்றது. அதற்கடுத்த வருடம் எல்லாம் நீலமாக வந்தன. ஹார்னையும் யாரும் கழற்றவில்லை. மாட்டுத்தீவன வண்டி ஜெயித்தது. காரணம், டிரைவரின் மீசை. அந்த வட்டாரத்தில் அதன்பின் மீசை இல்லாத டிரைவருக்கு வேலை கிடைப்பது சிரமமாயிற்று.

பந்தயத்தின் வரலாறு இவ்வளவுதான். ஒலிபெருக்கி ஒவ்வொரு வருடமும் அதை முதலிலிருந்து சொல்லும்.

நாலாம் வருடம் கெளுத்தி வந்தது. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் பழைய வண்டி. ஓட்டுபவரும் உடையவரும் எஸ்தாக்கி. அவர் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்.

"ஏலே, கேட்டுக்கோ. ஜெயிச்சா நீ வண்டி. தோத்தா உன் இஞ்சினைக் கழத்தி ஐஸ் உடைக்கிற மெஷினுக்குக் குடுத்துருவேன். ஐஸ் கம்பெனிக்காரன் வாசல்லயே நிக்கான்."

கெளுத்தி நீலம் பூசிக்கொண்டது. ஹார்ன் மாட்டிக்கொண்டது. எஸ்தாக்கிக்கு மீசை முன்பே இருந்தது. ஒத்திகை ஓட்டத்தில் ஐந்தாம் வளைவில் பின்பக்கம் வழுக்கி மணலில் இறங்கியது.

"வாங்க" என்றது வளைவு. "நீலமா? நல்ல நிறம்."

"பின்னாடி நிக்கவே மாட்டேங்குது அண்ணாச்சி."

"எப்படி நிக்கும்? காலி வண்டி, பின்னாடி காத்துதானே இருக்கு. தர்பூசணிக்காரன் விக்காத பழத்தோட வந்தான். பந்தல்காரன் முடிஞ்சதும் கல்யாண வீட்டுக்குப் போகணும்னு கம்பு கட்டையோட வந்தான். தீவனக்காரன் மூட்டையை இறக்கச் சோம்பல்பட்டான். பாரம் இருந்தா டயர் தரையை விடாது."

கெளுத்திக்குக் கோபம் வந்தது. "இதை ஏன் யாருக்கும் சொல்லல?"

"என்கிட்ட யாரும் கேக்கல. மைக் அந்தப் பக்கம்."

"அவங்களாவது சொல்லியிருக்கலாமே! மூணு பேரும் பொய் சொல்லியிருக்காங்க. நான் ஜெயிச்சா எல்லாருக்கும் சொல்லிருவேன்."

"நல்லது" என்றது வளைவு.

பந்தயத்தன்று காலையில் கெளுத்தி ஸ்டார்ட் ஆகவில்லை. எஸ்தாக்கி சாவியைத் திருகினார், திட்டினார், இறங்கி டயரை உதைத்தார்.

"லோடு ஏத்துங்க, வாறேன்" என்றது கெளுத்தி.

"பந்தயத்துக்கு எவனாவது லோடு ஏத்திட்டுப் போவானால?"

லோடு இல்லாமல் துறையை விட்டு அதிகம் நகர்ந்து பழகாத வண்டி, பழக்கதோஷம் என்று எஸ்தாக்கி நினைத்துக்கொண்டார். ஐஸும் சாளை மீனும் நிறைந்த பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

பந்தயம் தொடங்கும் கோட்டில் மற்ற வண்டிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டன.

"என்ன அண்ணாச்சி, சந்தைக்கு வழி தவறிட்டியளா?" என்றது சிமெண்ட் வண்டி.

"நாத்தத்துலயே முந்திருவாரு போல" என்றது செங்கல் வண்டி.

பக்கத்தில் நின்ற கோழி வண்டி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் இன்னிக்குத்தான் அண்ணாச்சி. தோத்தா பழைய இரும்புக்கடைன்னுட்டாரு முதலாளி."

"ஓட்டம் முடியட்டும் தம்பி. உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றது கெளுத்தி.

கொடி அசைந்தது. ஐந்தாம் வளைவில் சிமெண்ட் வண்டி சுழன்று மணலில் இறங்கியது. செங்கல் வண்டி அதன் மேல் மோதியது. கோழி வண்டி இரண்டையும் தவிர்க்கப் பார்த்து, தடுப்பில் இடித்து, முன்சக்கரம் கோணி நின்றது. கெளுத்தி ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி நிதானமாகத் திரும்பிப் போயிற்று. கடைசிச் சுற்றில் அதற்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை.

எஸ்தாக்கி இறங்கிவந்து பானெட்டில் முத்தமிட்டார். "பிழைச்சிட்டல மக்கா! இதே மாதிரி வருசா வருசம் ஜெயிக்கணும். அந்தக் கம்பெனிக்காரன் அடுத்த வருசம் வாறேன்னுட்டுத்தான் போயிருக்கான்."

ஒலிபெருக்கி இருமிக்கொண்டது. "இந்த வருட வெற்றிக்குக் காரணம்?"

வண்டிகள் எல்லாம் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. சிமெண்ட் வண்டி நசுங்கிய முகத்தோடு முன்னால் நகர்ந்து வந்தது. கெளுத்தி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாமே அதைவிடப் புதிய வண்டிகள். எல்லாவற்றுக்கும் அதைவிடப் பெரிய இஞ்சின். எல்லாவற்றுக்கும் பின்னால் காலியான பெரிய தொட்டி.

"மீன் வாடைதான்" என்றது கெளுத்தி.

ஒலிபெருக்கி அதை இரண்டு முறை அறிவித்தது. கூட்டம் கைதட்டியது.

கோழி வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கெளுத்தியைத் தாண்டும்போது அது மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணாச்சி, முதலாளி இன்னும் ஒரே ஒரு வருசம் பார்க்கிறேன்னுருக்காரு. எனக்கு ஒண்ணு சொல்லணும்னீங்களே. என்ன மீனு வாடை?"

கெளுத்தி கொஞ்சம் யோசித்தது.

"சாளை" என்றது. "காய்ஞ்சதா இருந்தா இன்னும் நல்லது, கனமும் இருக்காது."