வேலிக்குள் கத்திய ஆடு

"ம்மே..."

முதலில் சத்தம்தான் கேட்டது. ஆடு கண்ணில் படவில்லை. அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

ராசாக்கள் தம் நாட்டைக் காலால் நடந்தே பார்த்த காலம் அது. கிளுவைச் செடிகள் அடர்ந்த ஓர் உயிர்வேலி. அதற்குக் கிழக்கே நல்லாத்தாளின் சோளக்காடு, மேற்கே சென்னியப்பனின் எள்ளுக்காடு. ஒரு வருஷம் இவள் வேலியைக் கழிப்பாள், மறு வருஷம் அவன். வெட்டிய தழை வெட்டியவர் ஆட்டுக்கு. அதுதான் வழக்கம்.

நல்ல மழை பெய்த ஒரு வருஷம். எங்கும் தழை கிடந்தது, வேலித் தழை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"இந்த வருஷம் உங்க முறைங்கண்ணா."

"போன வருஷம் நான்தானே வெட்டினேன்? உன் முறை ஆத்தா!"

யார் சொன்னது சரி? எனக்கும் தெரியாது. எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தும் பிடிபடவில்லை. இரண்டு வீட்டு அரிவாளும் துருப்பிடித்தன. ஏழு மழை போயிற்று.

எட்டாம் வருஷம் உழும்போது நல்லாத்தாளுக்கு ஆறு சால் குறைந்தது. "வேலியைத் தள்ளி நட்டுட்டீங்களா?" என்று கத்தினாள்.

"எனக்கும்தான் ஆறு சால் குறையுது! திருடியும் போட்டு என்னையே கேக்கறயா?"

வழக்கு ராசாவிடம் போனது. எல்லையை நகர்த்தியவர் காட்டை இழக்க வேண்டும் என்பது சட்டம். ராசா, நிலம் அளக்கும் பூவணனை அனுப்பினார். "பொழுது சாய்வதற்குள் கள்ளரைச் சொல். இல்லையென்றால் இரண்டு காடும் அரண்மனைக்கு."

பூவணன் கோலால் அளந்தான். ஐம்பது கோல் இருக்க வேண்டிய காடு, இருவருக்கும் நாற்பத்தொன்பதே இருந்தது. கயிற்றால் அளந்தான், அதே குறை. காலடி வைத்து அளந்தான், அதே குறை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேருக்கும் குறைந்தால் எடுத்தது யாருங்க?"

சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் கேட்டது.

"ம்மே..."

"ஐயோ, என் வெள்ளாடு! அவரு காட்டுலதான் கத்துது" என்றாள் நல்லாத்தாள்.

"இங்கே ஒண்ணுமில்லை. உன் பக்கம்தான்" என்றான் சென்னியப்பன்.

கிழக்கே பார்த்தார்கள், இல்லை. மேற்கே பார்த்தார்கள், இல்லை. பூவணன் மண்ணில் படுத்து வேலியின் அடியில் எட்டிப் பார்த்தான். கிளுவையும் பிரண்டையும் பின்னிக் கிடந்த இருட்டில், ஓர் ஆடு தாராளமாகத் திரும்பும் அளவு இடம் இருந்தது; அங்கேதான் நின்றது ஆடு.

"கள்ளன் அகப்பட்டான்!" என்றான். "இந்தப் பக்கம் ஒரு கோல், அந்தப் பக்கம் ஒரு கோல். கழிக்காமல் விட்ட வேலியே பரந்து தின்றிருக்கிறது. யாரும் காட்டை இழக்க வேண்டாம்."

சென்னியப்பன் விழித்தான். "அப்போ இத்தனை நாளா நான் திட்டினது யாரை?"

"என்னைத்தாங்கண்ணா. நல்லாவே கேட்டுச்சு."

பொது வேலியைக் கழிக்க இருவரும் மறுத்தால், இருவர் நிலத்தையும் அந்த வேலியே தின்றுவிடும்.

இந்த வருஷம் யார் முறை என்று இருவரும் கேட்கவில்லை. அவள் கிழக்கிலிருந்தும் அவன் மேற்கிலிருந்தும், துரு உதிரும் அரிவாளோடு, ஆட்டை நோக்கி வேலியைக் கழிக்க ஆரம்பித்தார்கள்.